நடுவில் நிற்பவர்: ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை

பெங்களூருவிலிருந்து தெற்கே இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது, பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர, சாலையோரத்தில் கேட்கும் பேச்சு மாறுவதில்லை. கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய நான்கும் எல்லைக்கு இருபுறமும் கலந்து புழங்கும் இந்நிலப்பரப்பில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூரும், அங்கிருந்து மேலும் 50 கிலோமீட்டர் அளவில் கிருஷ்ணகிரியும் அமைந்திருக்க, கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே பர்கூருக்கும் தெற்கே போச்சம்பள்ளிக்கும் சாலைகள் பிரிகின்றன. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியின் பொருளியல் வரலாற்றை ஒரு பகற்பொழுதுப் பயணத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். ராகிக் கொல்லைகளும் மாந்தோப்புகளும் ரோஜா வளரும் பசுமைக்குடில்களும் கருங்கல் குவாரிகளும் மாறி மாறி வர, அவற்றின் நடுவே தொழிற்சாலைகளின் நீண்ட சுற்றுச்சுவர்கள் எழுந்து நிற்கின்றன.

அச்சுவர்களுக்குள் நிலவும் ஓர் உறவே இக்கட்டுரையின் பொருள். தொழிற்சாலையின் தலைமையில் இருப்பவர் தம்மிடம் வேலை செய்பவரைப் பெயராலும் ஊராலும் குடும்பத்தாலும் அறிந்திருப்பதும், வேலை செய்பவர் அவரிடம் அச்சமின்றி வாய் திறக்க முடிவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததையே இங்கு நெருக்கம் என்ற சொல் குறிக்கிறது. மேலாண்மை நூல்கள் இதைப் பெரும்பாலும் தலைவரின் குணமாகவே விளக்குகின்றன. சிரித்த முகமும் பெயர் மறவாத நினைவும் தோளில் தட்டிக்கொடுக்கும் கையும் இருந்தால் மற்றவை தாமாக வரும் என்ற தொனி அவற்றில் உண்டு. ஆயிரம் பேரும் ஐயாயிரம் பேரும் வேலை செய்யும் இடத்தில் ஒருவருடைய குணம் எவ்வளவு தூரம் எட்டும் என்ற கேள்விக்கு ஓசூர்ச் சாலை வேறொரு விடையைத் தருகிறது. தலைவருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் யார் நிற்கிறார், அவர் எந்த மொழியில் பேசுகிறார், கேட்டதைச் செய்து கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பவற்றைப் பொறுத்தே அங்கே நெருக்கம் உண்டாகிறது அல்லது அறுந்துபோகிறது.

ஓசூர் தொழில் நகரமானதில் அரசின் திட்டமிடலுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலத்தைச் சாலை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு ஆயத்தமாக்கித் தொழில் முனைவோருக்கு மனைகளாக வழங்குவதற்காகத் தமிழ்நாடு அரசு 1971இல் தோற்றுவித்த நிறுவனமே சிப்காட் எனப்படுவது. அது 1970களில் இங்கே தொழிற்பேட்டை அமைத்தபோது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்றோடு கிடந்த சிறிய ஊருக்குப் பெங்களூருவின் அருகாமையே முதல் மூலதனமாக இருந்தது. 1980இல் அசோக் லேலண்டின் லாரி ஆலை வந்தது. அதே ஆண்டில் இருவர் அமரக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அதன் பின்னர் கைக்கடிகாரமும், இயந்திர உறுப்புகளும், அண்மைக் காலத்தில் மின்சார ஸ்கூட்டரும், கைபேசி உறுப்புகளும் வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. சிப்காட் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே இன்று பலருக்கு மறந்துவிட்டது. பேருந்து நடத்துனரின் குரலில் அது ஒரு நிறுத்தத்தின் பெயர்.

காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் இறங்கும் நேரத்தில் தொழிற்பேட்டையின் ஏதேனும் ஒரு கேட் அருகேயுள்ள தேநீர்க் கடையில் நிற்பவருக்கு, இவ்வூரின் உறவுமுறை முழுவதும் சில சொற்களுக்குள் அடங்கியிருப்பது தெரியவரும். ‘அண்ணா’ என்னும் விளி தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. தெலுங்கில் அது ‘அன்னா’ என்று சற்றே மெலிந்து ஒலிக்கிறது. எனவே தளியிலிருந்து வரும் கன்னடக்காரரும் பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரரும் தருமபுரித் தமிழரும் ஒரே லைனில் நிற்கும்போது முதல் நாளிலேயே பொதுவாகக் கிடைக்கும் சொல் அதுவே. வடக்கிலிருந்து வந்தவர்கள் ‘பையா’ என்றும் ‘தீதி’ என்றும் அழைப்பதை ஓரிரு மாதங்களில் விட்டுவிட்டு அண்ணா, அக்கா என்று மாற்றிக்கொள்வதும் உண்டு. இந்த விளி மேல்நோக்கி எதுவரை செல்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. சில ஆலைகளில் அது லைன் சூப்பர்வைசரோடு நின்றுவிட, அதற்கு மேல் ‘சார்’ தொடங்குகிறது. வேறு சிலவற்றில் பிரிவு மேலாளர் வரை அண்ணாவாகவே இருக்கிறார்.

முன்னிலைப் பெயர் இதைவிட நுட்பமானது. நீ, நீங்கள் என்று தமிழிலும், நீனு, நீவு என்று கன்னடத்திலும், நுவ்வு, மீரு என்று தெலுங்கிலும், இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படிகளாகவும் மரியாதை பிரிந்து கிடக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரே சூப்பர்வைசராக வந்து சேரும் 21 வயது இளைஞர், இருபது ஆண்டுகளாக அதே இயந்திரத்தில் நிற்கும் ஐடிஐ படித்த தொழிலாளியிடம் எப்படிப் பேசுவது என்பது அவருடைய முதல் தேர்வு. ‘நீ’ என்றால் உறவு அன்றே முறிந்துவிடும். ‘நீங்கள்’ என்ற சொல்லை அதிகமாக அழுத்தினால் அதில் அயன்மை தெரியும். அனுபவமுள்ளவர்கள் முன்னிலைப் பெயரையே தவிர்த்து, ‘வாங்கண்ணா, இத கொஞ்சம் பாருங்க’ என்று வினைமுற்றின் விகுதியிலேயே மரியாதையை வைத்துவிடுகிறார்கள். நிறுவனங்கள் நடத்தும் தலைமைப் பண்புப் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், ‘யூ’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகும் இந்த வேறுபாடு அவற்றில் பேசப்படுவதே இல்லை. ஓசூரின் ஒரு லைனிலோ அதுதான் முழுப் பாடம்.

மொழியை அடுத்து நாட்காட்டி வருகிறது. வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ என்று விழும் குறிக்குப் பின்னால் இங்கே பல காலக்கணக்குகள் இருக்கின்றன. தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு யுகாதி. ஓசூருக்குச் சந்திரசூடேசுவரர் தேர். சித்திரை, வைகாசியில் மா பறிப்பு. பொங்கல் கழிந்த வாரங்களில் ஊர் ஊராக எருது விடும் விழா. எருது விடும் விழாவின் வேகத்தை வெளியூரிலிருந்து வரும் மேலாளர்கள் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். 2023 பிப்ரவரி 2ஆம் நாள் சூளகிரி அருகே கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் மக்கள் நெடுஞ்சாலையை மறித்து அமர, பெங்களூருச் சாலை மணிக்கணக்கில் முடங்கியது. தன் எருது ஓடும் நாளில் ஓர் இளைஞர் வேலைக்கு வரமாட்டார் என்பதை முன்பே அறிந்து, அவருக்கு மாற்றாக யார் நிற்பது என்பதை இருவருமாகப் பேசி முடிவு செய்யும் சூப்பர்வைசரும், மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கும் சூப்பர்வைசரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். முன்னவரிடம் மட்டுமே, பின்னொரு நாள், இயந்திரத்தில் ஏதோ ஒலி மாறியிருக்கிறது என்று அந்த இளைஞர் தாமாக வந்து சொல்வார்.

நகரின் தென்புறமுள்ள மத்திகிரி, 1824இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையால் முன்பே பெயர் பெற்ற இடம். இன்று அங்கே செல்பவரின் கவனம் டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தின் குடியிருப்பின் பக்கம் திரும்புவது இயல்பு. டாடா குழுமமும், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1984இல் பதிவு பெற்றது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் இரண்டின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. கைக்கடிகாரத் தொழிலில் முன்னனுபவம் உள்ளவர்களைத் தேடி அலையாமல், தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த, பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை எடுத்துப் பயிற்றுவிக்க அதன் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாயின் குழு முடிவு செய்தது. கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு, தூசு புகாத அறையில், இடுக்கியால் மயிரிழை போன்ற உறுப்புகளை எடுத்து வைக்கும் வேலைக்குத் தளராத கண்ணும் நடுங்காத விரலும் தேவை. நடுங்காத விரலுக்கு முதலில் கலங்காத மனம் வேண்டும் என்பதே அங்கே எழுந்த சிக்கல். வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்தவர்கள் அவர்கள்.

அதற்குக் கண்ட வழி, மேலாண்மை வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. ஓசூரில் வீடுகளை வாடகைக்கு எடுத்து அந்த இளைஞர்களைத் தங்கவைத்த நிறுவனம், அவர்களைப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தியது. வளர்ப்புப் பெற்றோர் எனப்பட்டவர்கள், வேளைக்குச் சாப்பிட்டார்களா, காய்ச்சலா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கும் பொறுப்பை ஏற்ற பெரியவர்கள். நிர்வாக இயக்குநர் ஒவ்வொருவரின் பெயரையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது. பெயரையும் மனநிலையையும் அறிந்த ஒருவரை ஒவ்வொரு வீட்டிலும் வைத்ததன் மூலம், அவர் தம்மால் எட்ட இயலாத இடத்துக்குத் தம் அக்கறையை அனுப்பிவைத்தார் எனலாம். விடுதிக் காப்பாளரை அமர்த்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: காப்பாளர் கதவு பூட்டும் நேரத்துக்குப் பொறுப்பாளி, இவர்கள் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளிகள். செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்தவர்களுக்குத் தொடக்க ஆண்டுகளிலேயே வேலை கொடுத்ததையும் இதனோடு சேர்த்தே காண வேண்டும்.

பின்னர் 1990களில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் டைட்டன் குடியிருப்பு எழுந்தது. சபர்மதியில் காந்தி நினைவகத்தை வடிவமைத்தவரும் அவரே. குடியிருப்பு ஒரு தொழிற்சாலைக்கு என்ன செய்கிறது என்பதை அங்கே பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் எளிதாக உணரலாம். மேலதிகாரியின் மகளும் இயந்திரத்தில் நிற்பவரின் மகனும் ஒரே வகுப்பில் அமரும்போது, பெற்றோருக்குள் பதவி சாராத ஒரு பேச்சு தொடங்குகிறது. அப்பேச்சு வேலையிடத்தில் நடக்கும் பேச்சைவிட நீண்ட காலம் நிலைக்கும். கடிகாரத்தின் உலோகப் பட்டைகளில் கண்ணிகளைக் கோக்கும் வேலையை, 1990களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் அமைத்துக்கொண்ட ‘மெடோ’ என்னும் அமைப்பு ஏற்றதும் இதே நிலத்தில்தான். அந்தப் பெண்கள் கூலிக்காரர்களாக மட்டும் நில்லாமல் அதன் பங்குதாரர்களாகவும் ஆனார்கள். நடுவில் நிற்கும் அமைப்பே தொழிலாளிகளுடையதாக இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

டிவிஎஸ் மோட்டார் சென்ற வழி வேறு. மதுரையில் 1911இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மரபில் வந்த அந்நிறுவனம், முழுமைத் தர மேலாண்மை என்னும் முறையை மேற்கொண்டு, ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் வழங்கும் டெமிங் விருதை 2002இல் பெற்றது. அம்முறையின் அடித்தளம் தர வட்டம். ஒரே பகுதியில் வேலை செய்யும் சிலர் வாரந்தோறும் கூடி, தங்கள் வேலையில் உள்ள குறையைத் தாங்களே ஆராய்ந்து, தீர்வைத் தாங்களே நிர்வாகத்தின்முன் வைப்பதே தர வட்டம் எனப்படும். அது ஜப்பானில் 1962இல் கௌரு இஷிகாவாவின் முயற்சியால் பரவத் தொடங்கியது. இதனோடு வந்த கைசன், கெம்பா ஆகிய ஜப்பானியச் சொற்கள் இன்று ஓசூர்த் தொழிலாளரின் அன்றாடப் பேச்சில் தமிழ்ச் சொற்கள் போலவே புழங்குகின்றன. கைசன் என்பது இடைவிடாமல் செய்யும் சிறு சிறு மேம்பாடு. கெம்பா என்பது வேலை உண்மையில் நடக்கும் இடம். தலைவர் தம் அறையைவிட்டு எழுந்து கெம்பாவுக்குச் சென்று, அங்கே நிற்பவரிடமே கேட்டறிய வேண்டும் என்பது அதன் விதி.

இவ்விதியின் பயன் ஜப்பானுக்கு முன்பே அமெரிக்காவில் தென்பட்டது. சிகாகோவை அடுத்த ஹாதார்ன் என்னும் தொலைபேசிக் கருவி ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனைகளே பலரும் அறிந்தவை. அங்கே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நடத்திய நேர்காணல்கள் அவற்றைவிட முக்கியமானவை. ஆயத்தக் கேள்விகளோடு சென்றவர்கள், பதில்கள் கேள்வியைவிட்டு வேறெங்கோ செல்வதைக் கண்டு, கேள்வித்தாளை விலக்கிவிட்டு மனிதரைப் பேசவிடும் முறைக்கு மாறினர். ஓசூரின் நல்ல சூப்பர்வைசர் ஒருவர் தேநீர் இடைவேளையில் செய்வதும் இதுவே. ஆயினும் கேட்பது மட்டும் போதுமா என்ற கேள்வி அந்த ஆய்வைத் தொடர்ந்து வந்தது. வாய் திறந்து சொன்ன குறை தீராவிட்டால், சொன்னவருக்கு முன்னைவிட அதிக ஏமாற்றமே மிஞ்சும்.

தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாறு இந்த ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள், உணவு உண்ணக்கூட நேரம் போதாத நிலையை நிர்வாகத்திடம் சொல்ல வழியின்றி வெளியே துணை தேடியதன் விளைவாக, 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, திரு.வி.க. அதில் துணை நின்றார். விடுதலைக்குப் பின் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், நிர்வாகத்தின் பிரதிநிதிகளைவிடத் தொழிலாளரின் பிரதிநிதிகள் எண்ணிக்கையில் குறையாமல் அமரும் பணிக்குழுவுக்கு வழி செய்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. நடுவில் நிற்க வேண்டியவர் யார் என்று சட்டமே யோசித்திருக்கிறது. தலைவர் அன்பானவர், எனவே இங்கே சங்கம் எதற்கு என்று சொல்லும் குரல் தொழிற்பேட்டைகளில் இன்றும் கேட்கிறது. அது பிழையான வாதம். தலைவர் மாறிப்போகலாம், நிறுவனமே கைமாறலாம். தனிமனிதரின் அன்பை நம்பி ஒருவர் தம் வாழ்நாள் வேலையை ஒப்படைக்க இயலாது.

ஓசூரைவிட்டுக் கிழக்கே செல்லும்போது, நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகித் தொரப்பள்ளி இருக்கிறது. 1878இல் ராஜாஜி பிறந்த ஊர் அது. அவருடைய தந்தை அவ்வூர் முன்சீப், அதாவது அரசுக்கும் குடியானவருக்கும் நடுவில் நின்ற ஊர் அதிகாரி. சூளகிரியின் செங்குத்தான பாறை மலையைக் கடந்தபின் சாலை மேலுமலைக் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்க, காற்றின் குளிர்ச்சி குறைந்து, மாந்தோப்புகள் பெருகுகின்றன. இந்த இறக்கம் ஒரு பழைய அரசியல் எல்லையும்கூட. கணவாய்க்கு மேலுள்ள நாடு பாலாகாட் என்றும், கீழுள்ளது பாராமகால் என்றும் அழைக்கப்பட்டன. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வர, ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1799இல்தான் வந்தது.

பாராமகாலை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழாண்டுகள் இங்கே ஊர் ஊராகச் சுற்றியவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரோ குத்தகைதாரரோ நடுவில் இல்லாமல், நிலத்தை உழும் ஒவ்வொரு குடியானவரோடும் அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை ரீடின் காலத்தில் இங்கே முளைவிட்டது. மன்றோ அதைப் பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் கொண்டுசென்றார். உள்ளூர் மொழிகளைக் கற்று, கூடாரத்தில் தங்கி, குடியானவர்களோடு நேரில் பேசியவர் அவர். ஆனால் அந்த நெருக்கம் வரி வாங்குவதற்கான நெருக்கம். ஒருவரின் வயலையும் விளைச்சலையும் நன்கறிவது அவரிடமிருந்து இன்னும் எவ்வளவு பெற முடியும் என்று கணக்கிடவும் உதவும். அதே மன்றோ, வரிச்சுமை அளவுக்கு மீறியது என்பதைக் கண்ணால் கண்டு, 1807இல் அதில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அன்று அது ஏற்கப்படவில்லை. 1820இல் அவரே ஆளுநராக வந்த பின்னர்தான் குறைப்பு கைகூடத் தொடங்கியது. குறையைக் கேட்டறிந்தவரிடம் அதைத் தீர்க்கும் அதிகாரம் வந்து சேர அத்தனை ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வரியைக் கட்டியவர்கள் குடியானவர்கள்.

இன்றைய தொழிற்பேட்டையில் இவ்விடைவெளிக்குக் கான்ட்ராக்ட் என்று பெயர். ஆலைக்கு ஆட்களைத் திரட்டித் தரும் ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க, வேலை மட்டும் ஆலையின் லைனில் நடக்கும் ஏற்பாடு இது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதை ஒழுங்குபடுத்த வந்தது. தமிழ்நாட்டுக்கென 1981இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் ஒன்று, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளராகிறார் என்று கூறுகிறது. 480 என்னும் எண்ணை அறியாத தொழிலாளி ஓசூரில் அரிது; அந்த எண்ணை நெருங்கும்போது நெஞ்சு படபடக்காதவரும் அரிது. பெர்மனன்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்ற வரிசை சில ஆலைகளில் அடையாள அட்டையின் கயிற்று நிறத்திலேயே தெரிகிறது. ஒரே லைனில் அடுத்தடுத்து நிற்கும் இருவரில் ஒருவரிடம் மேலாளர் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கிறார். மற்றவரிடம் கேட்பதற்கு அவர் தயங்குகிறார். அடுத்த மாதம் அவர் இங்கே இருப்பாரா என்பது மேலாளருக்கே தெரியாது. இத்தயக்கத்தைக் கல்மனம் என்று சொல்வது நியாயமாகாது; ஏற்பாடே அவர் வாயைக் கட்டியிருக்கிறது.

நடுவில் நிற்பவரின் வலிமையைத் தமிழர்கள் கடல் கடந்தும் அறிந்திருக்கிறார்கள். இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்களைத் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் திரட்டிச் சென்ற கங்காணிகள், ஒவ்வொருவரின் குடும்பத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். ஒவ்வொருவரின் கடனையும் கையில் வைத்திருந்தவர்களும் அவர்களே. தொழிலாளியின் கடனைக் குறித்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் ‘துண்டு’ என்னும் சீட்டு முறை இலங்கையில் 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. தோட்டத் துரைக்குத் தொழிலாளி ஓர் எண். கங்காணிக்கோ நன்கு தெரிந்த முகம். தெரிந்த முகமாக இருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கிருஷ்ணகிரியில் சாலைகள் பிரிகின்றன. பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் அமைந்த சிப்காட் வளாகங்களால், அண்மை ஆண்டுகளில் தொழிலின் முகம் பெண்களின் முகமாக மாறியிருக்கிறது. போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே முழுவதும் நடத்துவர் என்றும், முழு அளவில் இயங்கும்போது 10,000 பெண்கள் அங்கே வேலை செய்வர் என்றும் 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. காலணி ஆலைகளில் சுற்றுவட்டச் சிற்றூர்ப் பெண்கள் வேலை செய்ய, ஓசூரை அடுத்துள்ள மின்னணு ஆலைக்கோ ஜார்க்கண்ட் போன்ற தொலைமாநிலங்களிலிருந்தும் பெண்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் டைட்டனில் எழுந்த அதே சிக்கல் பன்மடங்கு பெரிதாகி இங்கே திரும்ப வந்திருக்கிறது; அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் பெரியவர்களை அமர்த்த முடிந்தது, ஆயிரக்கணக்கானோர் தங்கும் பல மாடி விடுதியில் அதற்கு ஈடாக என்ன செய்வது என்பதற்கு எவரும் இன்னும் முழு விடை காணவில்லை. கண்காணிப்புக் கேமராவும் விரல்ரேகைப் பதிவும் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்பதைச் சொல்லும்; சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பதைச் சொல்லா. சந்தாலி பேசும் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தால் அதை அவர் யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வார் என்பதை ஒவ்வொரு ஆலைத் தலைவரும் தாமே ஒருமுறை விடுதிக்குச் சென்று கேட்டறிவது நன்று.

போச்சம்பள்ளியின் வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. ஆடும் கோழியும் காய்கறியும் குவியும் அச்சந்தையின் கூட்டத்துக்குள், வார விடுப்பில் வந்த பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வளையலும் செருப்பும் விலை கேட்டு நடப்பதைக் காணலாம். மற்ற நாட்களில் அவர்களைக் காண்பதற்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஊர் முனையில் நிற்க வேண்டும். கம்பெனி பஸ் வருகிறது. சுடிதாருக்கு மேல் சீருடைச் சட்டை அணிந்த பெண்கள் ஏறுகிறார்கள். ஓட்டுநர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஆலையின் எந்த அமைப்பு வரைபடத்திலும் அவருக்கு இடமில்லை. கண்ணாடியில் பார்த்தபடி அவர் வாய்க்குள் எண்ணுகிறார். ஒருவர் குறைகிறார். யார் என்று அவருக்குத் தெரிகிறது. நேற்றும் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ‘அண்ணா, ரெண்டு நிமிஷம், வந்துட்டே இருக்கா’ என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழும்முன்பே, அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, புளியமரத்தடியிலிருந்து வரும் மண்சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.